பாய்லர் புத்தகம் தவணைக்குள் வந்து சேர்ந்த விவரம்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அன்புராஜ் அவர்களுக்கு,

மச்சான் அந்தோணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் கிரேசும் நலம். அங்கே என் தங்கை கிறிஸ்டினாவும், பிள்ளை ராபினும், உங்கள் ரத்தக் கொதிப்பும் அமைதியாக இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். போனில் சொல்லிவிடலாம் என்று அடித்துப் பார்த்தேன். நான் "கும்மிடிப்பூண்டி" என்று ஆரம்பிக்கும்போதே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தையும் கிழிக்கலாம்தான், ஆனால் எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் நாலு வரி படித்த பிறகே கிழிப்பார் என்பதால் எழுதுகிறேன்.

பாய்லர் புத்தகம் தவணைக்குள் திரும்பவில்லை, ஆகவே கும்மிடிப்பூண்டி வாசகசாலைக்கு இனி அத்திப்பட்டு நூலகத்திலிருந்து ஒரு புத்தகமும் கிடையாது, கொடுத்தவை எல்லாம் உடனே திரும்பி வர வேண்டும் என்று நேற்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் அலமாரியில் நிற்பதில் பாதிக்கு மேல் உங்கள் புத்தகங்கள். அவற்றை அனுப்பிவிட்டால் மிஞ்சுவது சில சமையல் குறிப்புகளும், போன வருடப் பஞ்சாங்கமும், யாரோ தானமாகக் கொடுத்த பழைய டெலிபோன் டைரக்டரியும்தான். சாயங்காலம் வரும் பிள்ளைகளுக்கு நான் டைரக்டரியையா வாசித்துக் காட்டுவது? மாப்பிள்ளை, புத்தகம் வந்தது. தவணைக்குள் வந்தது. நீங்கள் அரக்கோணத்தில் கல்யாணப் பந்தியில் இருந்தபோது நானே என் கையால் கொண்டுவந்து சேர்த்தேன். அது எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்களைத் தள்ளிவைக்க உங்களுக்கு மனம் வராது.

விதி எழுதிய அன்றே நான் சொன்னேன். இரண்டு நூலகமும் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், நல்ல காரியம், ஆனால் மூன்று வாரத் தவணையில் போகவர ஆகும் நாளைச் சேர்க்காதீர்கள் என்று. "கும்மிடிப்பூண்டி இன்னா சீமையிலயா கீது?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். ஒருமுறைதான் புதுப்பிக்கலாம் என்றீர்கள். சொந்த ஊர்க்காரர் யாராவது அந்தப் புத்தகத்துக்குக் காத்திருந்தால் மேற்கொண்டு ஒரு நாளும் கிடையாது என்றீர்கள். கடைசி நாள் நூலகம் பூட்டுவதற்குள் வரவில்லையென்றால் உறவே முறிந்தது என்றீர்கள். விரித்து வைத்தால் கட்டு விட்டுப்போகும் என்று ஜெராக்சுக்கும் தடை போட்டீர்கள். ஷிப்டு வேலைக்காரர்கள் படிக்கிற நூலகம் இது, கொஞ்சம் தளர்த்துங்கள் என்று நான் கெஞ்சியபோது கிறிஸ்டினா டீ கொண்டுவந்தாள். அத்தோடு என் ஆட்சேபம் முடிந்துபோனது.

அந்த விதியில் முதலில் மாட்டியது திலகவதி. ஆரம்பாக்கத்துப் பெண். இங்கே ஒரு கம்பெனியில் பாய்லருக்கு உமி தள்ளுகிற வேலை, காண்டிராக்டில். பாய்லர் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினால் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் காண்டிராக்ட் முடிந்ததும் வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். தமிழில் அந்தப் பரீட்சைக்கு உருப்படியாக இருப்பது உங்கள் நூலகத்தில் இருக்கும் அந்த ஒரே புத்தகம், அதுவும் இப்போது அச்சில் இல்லை. முதல் தவணை முழுக்க அவளுக்கு டபுள் ஷிப்டு. புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியதுதான் மிச்சம். புதுப்பித்த பிறகுதான் படிக்கவே உட்கார்ந்தாள். பாதி தாண்டியிருப்பாள், அதற்குள் உங்கள் தாக்கீது வந்துவிட்டது: அத்திப்பட்டில் ஒருவர் காத்திருக்கிறார். யார் என்று பார்த்தால் நம்ம ராபின். அவனும் அதே பரீட்சை எழுதுகிறான். இரண்டு பேருக்கும் வருகிற வாரம் ஒரே நாளில் பரீட்சை. நான் யார் பக்கம் பேசுவது, நீங்களே சொல்லுங்கள்.

கடைசி நாள் மதியம் ஷிப்டு முடிந்து வந்தவளிடம் கையை நீட்டினேன். அவள் சண்டை போடவில்லை, கண் கலங்கவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "வால்வு பாடம் இன்னும் முடியலண்ணே. அத்திப்பட்டு வரைக்கும் நானும் வரேன். எறங்கறதுக்குள்ள படிச்சிக்கினே வந்து குடுத்துடறேன்" என்றாள். விதியில் ரயிலில் படிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. ஏறினோம்.

ஜன்னலோரம் உட்கார்ந்தவள் தலையைத் தூக்கவே இல்லை. அவளுடைய சாப்பாட்டுக் கூடையும் குடையும் என் மடியில். கவரைப்பேட்டை தாண்டியதும் வண்டி வயல் நடுவில் நின்றுவிட்டது. எக்ஸ்பிரசுக்கு வழிவிடுகிறார்கள் என்றார்கள். எக்ஸ்பிரஸ் போனது. அதற்குப் பிறகும் வண்டி அசையவில்லை. பெட்டி முழுக்கப் பேஜாராகி ஆளாளுக்கு ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் நிம்மதியாகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள் மாப்பிள்ளை. அவள் பக்கம் புரட்டும்போது, இன்னும் கொஞ்சம் நிற்கட்டுமே என்று தோன்றும். வெளியே வெயில் சாய்வதைப் பார்த்தால் ஐயோ நகரட்டுமே என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். மாதாவிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஜெபமாலையைப் பைக்குள் போட்டுவிட்டேன். பொன்னேரியில் மறுபடி நின்றது, மீஞ்சூரில் நின்றது. நிலக்கரி வண்டி ஒன்று குறுக்கே போனது. அதற்கு முடிவே இல்லை. அத்திப்பட்டில் இறங்கும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. இந்த முழங்காலோடு நான் ஓடினேன். எனக்கு முன்னால் அவள் ஓடினாள், புத்தகத்தை மூடாமல், விரலைப் பக்கத்துக்குள் வைத்தபடி.

நூலக வாசலில் ராபின் கையில் பூட்டோடு நின்றிருந்தான். நேரமாகிவிட்டதே, பூட்டிவிட்டாயா என்று நான் மூச்சு வாங்கக் கேட்டேன். "சாவி திரும்பல மாமா" என்றான். பூட்டு இன்னும் கதவிலேயே மாட்டப்படவில்லை. உங்கள் விதியின்படி நூலகம் பூட்டும் வரை தவணை உண்டு. கதவு திறந்திருந்தது. ஆகவே தவணை தாண்டவில்லை. இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

திலகவதி விரலை எடுத்துவிட்டு, புத்தகத்தை மூடி, அட்டையை முந்தானையால் துடைத்து அவனிடம் கொடுத்தாள். "எந்த வரைக்கும் வந்தீங்கக்கா?" என்று கேட்டான். அவள் சொன்னாள். "இன்னும் எவ்ளோ கீது..." என்று புத்தகத்தின் கனத்தைப் பார்த்தான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைப் பூட்டினான். எங்களை ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் வெறும் கையை மடியில் வைத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் நீங்கள் ஊர் திரும்பி அலமாரியில் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக் கொதித்திருக்கிறீர்கள். காலியாக இல்லாமல் எப்படி இருக்கும்? காத்திருந்த ராபின் வாங்கிப் படித்துக்கொண்டிருப்பான். வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையைக் கேட்காமல் குரூப்பில் போடுவதா?

ஆகவே எங்கள் மேல் ஒரு பிசகும் இல்லை. புத்தகம் அத்திப்பட்டில், உங்கள் கூரையின் கீழ் பத்திரமாக இருக்கிறது. தடையை நீக்கி, அதையும் குரூப்பிலேயே போட்டுவிட்டால் என் மானம் திரும்பிவிடும். கிறிஸ்டினாவுக்கு என் அன்பு. ராபினுக்குப் பரீட்சைக்கு என் ஆசீர்வாதம். உங்கள் உப்பைக் குறைக்கச் சொன்னதாகக் கிரேஸ் எழுதச் சொல்கிறாள்.

என்றும் உங்கள் நலம் நாடும் மச்சான்,
அந்தோணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது திலகவதி வந்தாள். கூடையைத் திறந்து எடுத்தது பாய்லர் புத்தகம். அன்று ஸ்டேஷனில் நான் டீ வாங்கப் போன இடைவெளியில் ராபினே கொடுத்து அனுப்பியிருக்கிறான். பரீட்சை வரைக்கும் ஒரு நாள் அவளிடம், மறுநாள் அவனிடம் என்று பேச்சாம். பொன்னேரி பிளாட்பாரத்தில் கை மாற்றிக்கொள்வார்களாம். இது எந்தத் தவணையில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்று அவளுக்கு ஓவர்டைம், "நீங்க குடுத்துட்டு வந்துடறீங்களாண்ணே?" என்று கேட்கிறாள். கிளம்பிவிட்டேன். தபால் செலவு எதற்கு என்று இந்தக் கடிதத்தையும் புத்தகத்துக்குள்ளேயே வைத்து ராபினிடம் கொடுத்துவிடுகிறேன், அவன் அப்படியே உங்கள் கையில் கொடுப்பான். கடிதத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், புத்தகத்தை மட்டும் தயவுசெய்து ராபினிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்குப் பொன்னேரியில் அந்தப் பெண் காத்திருப்பாள்.