ஆபரேஷன் உடம்பு

"பூர்ணிமா, அந்தத் தவலையை நீயே இறக்கி வெச்சிடும்மா. எனக்குத்தான் ஆபரேஷன் உடம்பு."

மாமியார் கமலாம்பாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னாள். பூர்ணிமா ஒன்பது மாத வயிற்றோடு தவலையை இறக்கினாள். இன்றைக்குக் கேட்டே விடுவது என்று முடிவு செய்தாள்.

"அத்தை, இந்தத் தடவை எனக்கும் ஆபரேஷனே பண்ணிடலாம்னு பாக்கறேன்."

கமலாம்பாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"உனக்கு எதுக்கு? மூத்தவளைச் சுகப்பிரசவமாத்தானே பெத்தே?"

பிள்ளை பெறப்போகிற பெண்கள் கத்தியைக் கேட்பதற்கு ஊரில் பல காரணங்கள் உண்டு. வலிக்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கணவனின் லீவுக்குத் தோதாகப் பெற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பூர்ணிமாவின் காரணம் இவை எதுவும் இல்லை. அவளுடைய காரணம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

பூர்ணிமாவின் கணவன் சதீஷைப் பெற்றபோது கமலாம்பாளுக்கு வயிற்றைக் கிழித்தார்களாம். அன்று முதல் அவள் குனிந்ததில்லை, குடம் தூக்கியதில்லை, கோலம் போட்டதில்லை. சதீஷுக்கு முப்பது வயது தாண்டி, தலையில் பாதி வழுக்கையும் விழுந்துவிட்டது. அம்மாவின் தையல் மட்டும் இன்னும் ஆறவில்லை. அந்தத் தழும்பை யாரும் பார்த்ததும் இல்லை. கணவர் துரைராசு தன் வயல் வரப்பைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்க்கிற ஆள் இல்லை.

பூர்ணிமாவுக்குத் தலைப்பிரசவம் திருத்துறைப்பூண்டியில், தாய் வீட்டில் நடந்தது. அம்மா மூன்று மாதம் அவளை ஒரு டம்ளர் கழுவ விடவில்லை. இரண்டாவது பிரசவம் முறைப்படி புகுந்த வீட்டுக்கு உரியது. இந்த வீட்டில் படுத்திருக்க வேண்டுமென்றால் வயிற்றில் தையல் இருக்க வேண்டும்.

"வலிக்குப் பயமா இருக்கு அத்தை" என்று பொய் சொன்னாள்.

"அவ்வளவுதானே? குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சா வலியே தெரியாது. ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நான் படற பாடு போதாதா?"

மறுநாள் வாஷிங் மிஷின் உறை போட்டு மூடப்பட்டது. துணியெல்லாம் கையில் துவைத்தாக வேண்டும். வாசலோடு நின்றிருந்த துடைப்பம் மாட்டுக் கொட்டகை வரைக்கும் போனது. பயம் என்ற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று பூர்ணிமா நினைக்கவில்லை.

அபுதாபியில் இருந்த சதீஷுக்குப் போன் போட்டாள்.

"அம்மா சொல்றபடி கேளு பூர்ணி. அவங்க பட்டவங்க" என்றான். அதோடு நிறுத்தாமல் அம்மாவுக்கும் போன் செய்து, "அவளைப் பாத்துக்கம்மா, பயப்படறா" என்றான். அம்மா இன்னும் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். மிக்சியை மூடிவிட்டு, அம்மிக்கல்லைக் கழுவி வைக்கச் சொன்னாள்.

கடைசியில் பூர்ணிமா மாமனாரிடம் போனாள். ஜோசியரைக் கேட்காமல் செருப்புகூட வாங்காத மனிதர்.

"மாமா, நல்ல நேரம் பாத்து ஆபரேஷன் பண்ணிட்டா புள்ளைக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?"

துரைராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜோசியர் சாரங்கபாணி கட்டம் போட்டுப் பார்த்து, தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றைக் குறித்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் பிறந்தால் கலெக்டர்தானாம். கலெக்டரை எதிர்த்துப் பேசக் கமலாம்பாளாலும் முடியவில்லை. கும்பகோணத்து டாக்டரிடம் சொல்லியாயிற்று. பூர்ணிமா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் துரைராசு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அறுவடை மிஷின்காரன் வியாழக்கிழமைதான் வர்றேங்கிறான். விட்டா நன்னிலம் பக்கம் போயிடுவான்."

"அப்ப கலெக்டரு, மாமா?"

"நெல்லு சாஞ்சு கெடக்கும்மா. அவரு ஒருநாள் பொறுத்துக்க மாட்டாரா?"

சாரங்கபாணி தாராள மனசுக்காரர். மறுபடி கட்டம் போட்டு, வியாழனைவிட வெள்ளி இன்னும் விசேஷம் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை வயலில் மிஷின் இறங்கியது. வந்தவர்களுக்குச் சோறு பொங்க ஆள் வேண்டும். ஆபரேஷன் உடம்புக்காரி அடுப்படிக்கு வர முடியாது.

"நாளையிலேர்ந்து நீயும் படுத்துக்கப்போறே. இன்னைக்கு ஒருநாள்தானே" என்றாள் கமலாம்பாள். குரலில் பொறாமை கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

பூர்ணிமா சோற்றை வடிக்கக் குனிந்தாள். குனிந்தவளால் நிமிர முடியவில்லை.

பக்கத்து வீட்டு மருதையன் காரை எடுத்தான். துரைராசு மிஷினை விட்டு வர முடியாததால், மாமியாரும் மருமகளும் மட்டும் ஏறினார்கள். நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் டிராக்டரும் லாரியுமாகச் சாலை அடைத்துக் கிடந்தது.

"கும்பகோணம் போய்ச் சேர முடியாதுங்க. பக்கத்துலயே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு, திருப்பிடவா?" என்றான் மருதையன்.

"அங்க வேணாம்" என்றாள் கமலாம்பாள் அவசரமாக. "அங்கதான் என்னை அறுத்தாங்க."

அந்த வலியிலும் பூர்ணிமாவுக்கு முகம் மலர்ந்தது.

"அண்ணே, அங்கேயே திருப்புங்க."

கமலாம்பாள் முந்தானையை முக்காடு போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குள் வந்தாள். பூர்ணிமா டாக்டரின் கையைப் பிடித்து, "எனக்கு ஆபரேஷன்தான் வேணும்" என்றாள்.

"அதுக்கு முன்னாடியே வந்திருக்கணும்மா. தலை வந்திடுச்சு."

வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கக் கலெக்டருக்குப் பொறுமை இல்லை. சாரங்கபாணி குறித்த இரண்டு நேரத்தையும் விட்டுவிட்டு, வியாழக்கிழமை மத்தியானம் சுத்தமான ராகு காலத்தில், ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தார்.

பூர்ணிமா அழுதாள். எல்லோரும் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் கண்ணுக்கு மூன்று மாத ஓய்வு காலடி எடுத்து வைத்து வெளியே போவது தெரிந்தது.

"கொடுத்து வெச்சவடி நீ" என்றாள் கமலாம்பாள். "ஒரு தையல் இல்லை. அடுத்த வாரம் வைக்கோல் கட்டற ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள எழுந்து நடமாடிடலாம். என்னை மாதிரியா, காலத்துக்கும் ஆபரேஷன் உடம்போட?"

பூர்ணிமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அப்போது வெந்நீர் வாளியோடு வயசான ஆயா காத்தாயி உள்ளே வந்தாள். அழுகிற பெண்ணைப் பார்த்தாள். பிறகு முக்காட்டுக்குள் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள். கமலாம்பாள் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டாள். காத்தாயிக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"அட, கமலாம்மா, உங்க பொண்ணா இது? ஏன் அழுவுது, மாமியாக்காரி பொல்லாதவளா? அன்னைக்கு உங்க மாமியா வேலை வாங்குவாள்னு சுகமாப் பெத்த வயித்துல வெறும் துணியைச் சுத்தி, ஆபரேஷன்னு சொல்லி அனுப்பி வெச்சேனே, அதே மாதிரி இதுக்கும் ஒண்ணு சுத்தி விட்டுடவா?"