மலையேற வாங்கிய எஞ்சின்

இனிமேல் தன் மனைவி செவெல்மா கல் தூக்கக் கூடாது என்று சோதோவ் தீர்மானித்தான். தீர்மானித்த இடம், உலான் கணவாயின் பாதி ஏற்றம். ஜீப் மூச்சிரைத்து நின்றுவிட்டது. அது பின்னால் உருளாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க, கல்லும் கையுமாக அவள் ஓடிவந்தாள். முட்டிவலி தீர வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போகிறவள்! ஊற்றைப் பார்ப்பதற்குள் முட்டி இன்னும் வீங்கிவிடும். ஒவ்வொரு கோடையிலும் இதே கூத்து.

"இந்த பெட்ரோல் எஞ்சினைக் கழட்டி எறியறேன். டீசல் போடறேன்!" என்று ஸ்டியரிங்கைக் குத்தினான் சோதோவ்.

"மொதல்ல பிரேக்கை ஒழுங்கா மிதி" என்றாள் அவள் கீழேயிருந்து.

அவனுடையது சாம்பல் நிற ருஷ்ய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். மணலில் போகும், சேற்றில் போகும், ஆற்றிலும் இறங்கும். பெட்ரோல் பங்க்கைக் கண்டால் மட்டும் தானாக நின்றுவிடும்.

நகரத்துச் சந்தையில் பழைய எஞ்சின் வியாபாரியிடம் இரண்டு டீசல் எஞ்சின்கள் இருந்தன. ஒன்று கொரிய வேனில் இருந்து கழற்றிய சின்ன நாலு சிலிண்டர். மற்றது ஜப்பான் லாரியில் இருந்து வந்த ஆறு சிலிண்டர். அது கன்றுபோட்ட யாக் எருமை மாதிரி படுத்துக் கிடந்தது. சோதோவின் மனம் அங்கேயே படுத்துவிட்டது.

பக்கத்துக் கூடாரத்துப் பூர்வே, தன் ஜீப்பில் ஏற்கெனவே சின்ன டீசல் மாட்டியிருந்தவன். சோதோவ் அவனிடம் யோசனை கேட்டான்.

"சின்னதை எடு சோதோவ். பெரிசு முன்னாடி பாரத்தைப் போட்டு அமுக்கும். உன் கியர்பாக்ஸ் பல்லெல்லாம் கொட்டிடும்."

'தன்கிட்ட இருக்கறதைவிடப் பெரிசா எனக்கு வந்துடுமேன்னு வயித்தெரிச்சல்' என்று சோதோவ் நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததற்காகப் பிறகு நிறைய வருந்தினான்.

அன்று செவெல்மா உப்புப் போட்ட பால் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலா, ஆறா? நீயே சொல்லு கெழவி."

"எதுல இழுவை ஜாஸ்தி?"

"பெரிசுலதான். கேக்கணுமா?"

"உன் பேச்சைவிடவா?"

"வெளையாடாதே. நூறு குதிரைச் சக்தி அதுக்கு!"

"வெளியில ஒத்தைக் குதிரை தாகத்துல கனைக்குது. போய்த் தண்ணி எறைச்சு ஊத்து. கெணத்துக்கு ஒரு பம்ப்பு வேணும்னு எத்தனை வருஷமா சொல்றேன்?"

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல எஞ்சின்."

அவள் டீயை ஊற்றினாள். கொஞ்சம் யோசித்தாள்.

"பெரிசையே எடு."

சோதோவ் பூரித்துப் போனான். கல்யாணமான நாளில் இருந்து அவள் முதல் பேச்சிலேயே ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. விவரமுள்ளவன் அந்த இடத்தில் பயந்திருப்பான்.

எஞ்சினுக்கு விலையாக நல்ல கொழுத்த செம்மறிகளைக் கொடுத்தான். அது போதாதென்று பழைய பெட்ரோல் எஞ்சினையும் கழற்றிக் கொடுத்தான். மெக்கானிக் மிஷிக் ஆறு சிலிண்டரை லாரியில் ஏற்றி வந்து இறக்கினான். மூன்று மரக்கம்பங்களைக் கூட்டி நட்டு, சங்கிலி போட்டு, எஞ்சினைத் தூக்கி ஜீப்பின் வாய்க்கு நேரே தொங்கவிட்டான். மெல்ல இறக்கினான். மறுபடி தூக்கினான். கோணலாக இறக்கினான். தூக்கினான்.

"என்னடா, ஊஞ்சலா ஆட்டறே?"

"அண்ணே, அடிப்பக்கம் அச்சுல இடிக்குது. பின்பக்கம் நீங்க உக்கார்ற எடத்துக்கு வருது. ரேடியேட்டர் வைக்கவும் எடமில்ல."

"அப்போ ரேடியேட்டரை எங்க வைக்கறது?"

"உங்க மடியிலதான் வெச்சுக்கணும்."

சோதோவ் ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டான். பழைய எஞ்சின் அதற்குள் வேறு யாருக்கோ கைமாறிப் போய்விட்டது. மூச்சிரைத்து நின்றாலும், கல்லை முட்டுக் கொடுத்தாவது மலை ஏறிக்கொண்டிருந்த எஞ்சின். அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது.

"மிஷிக், திருப்பி லாரியில ஏத்தாதே" என்றாள் செவெல்மா. "கெணத்துப் பக்கம் எறக்கு."

பூர்வேயின் மனைவி தாரிமா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். பின்னால் ஒரு பம்ப், பெல்ட், சுருட்டிய குழாய்.

"இது எப்போ வாங்கினது?" என்றான் சோதோவ்.

"போன வசந்தத்துல, நானும் தாரிமாவும் சேர்ந்து" என்றாள் செவெல்மா.

"அப்போ நான் எஞ்சின் வாங்கற யோசனையிலயே இல்லையே!"

"ஒருநாள் அந்த யோசனைக்கு நீ வருவேன்னு தெரியும்."

"பெரிசு ஜீப்புல பொருந்தாதுன்னும் தெரியுமா?"

"கம்பளி விக்கப் போனப்போ அந்த எஞ்சின் கடையில கயிறு வெச்சு அளந்துட்டுத்தான் வந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நாலா ஆறான்னு கேட்டே. பொருந்துமான்னு கேட்டியா?"

அவனுக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தான். அதற்குள் அவள் பெல்ட்டை மாட்டக் கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்க வாளிக்கயிறு அறுத்த தழும்பு. இத்தனை ஆண்டுகள் அந்தக் கையால்தான் அவனுக்கு டீ வந்திருக்கிறது. அவன் டீயை மட்டும் பார்த்திருக்கிறான். கணவாய் வருஷத்தில் ஒரு நாள். கிணறு தினமும். வந்த கோபத்தை விழுங்கிவிட்டு, எஞ்சினுக்கு அடியில் கட்டை வைக்கப் போனான்.

பம்ப் ஓடியது. தண்ணீர் தொட்டியில் கொட்டியது. ஆடுகள் முட்டி மோதின. செவெல்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னும் முன்னாலேயே வாங்கியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"எல்லாம் சரி, ஊத்துக்கு எப்படிப் போறது? ஜீப்புக்கு எஞ்சினே இல்லையே" என்றான் தயங்கித் தயங்கி.

"பூர்வே ஜீப்புலதான். அவங்க ஆடும் நம்ம தண்ணியக் குடிக்கட்டும், அவங்க வண்டி நமக்கும் ஓடட்டும்னு பேசி முடிச்சாச்சு. குளிர்காலத்துக்குக் கூடாரத்தை வேற எடத்துக்கு மாத்தறதும் அவங்க பொறுப்பு."

"நல்ல ஏற்பாடு. எப்போ கெளம்பறோம்?"

"கெளம்பறோமா? நாங்க மூணு பேரும் போறோம். ரெண்டு வீட்டு ஆட்டுக்கும் தண்ணி காட்ட ஆள் வேணாமா? அந்த எஞ்சினோட அருமை தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானே கெழவா!"

பூர்வே தன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள், தாரிமா பின்னால். பூர்வே சோதோவின் முகத்தைப் பார்க்காமல் கியரைப் போட்டான்.

சோதோவ் கிணற்றடியில் நின்று பார்த்தான். தூரத்தில் அந்தச் சின்ன எஞ்சின் உலான் கணவாயில் எங்கேயும் நிற்காமல் ஏறி, மறைந்தது. தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டு, தன் எஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கினான். நூறு குதிரையும் மலை அதிர உறுமின. ஒரு அடிகூட நகரவில்லை.