ஆறு முனியாண்டிகளும் அக்கா கல்யாணமும்

கணினி தானாகத் தப்பு செய்யாது. தப்பு செய்ய அதற்கு ஓர் ஆள் வேண்டும். அக்கா கல்யாணத்தில் அந்த ஆள் நான்.

எண்பதுகளில் எங்கள் பல்கலைக்கழகத்தில் கணினிமொழிப் பாடம் ஒன்றை மாணவர்களே நடத்தினோம். வாரம் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு நிஜச் சிக்கலைக் கொண்டுவந்து, அதைத் தீர்க்கும் புரோகிராமை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். விரிவுரையாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்து மதிப்பெண் மட்டும் போடுவார். என் முறைக்கு நான் எடுத்துப்போனது அக்காவின் கல்யாண அழைப்புப் பட்டியல்.

மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கத்து எங்கள் எஸ்டேட்டில் அப்பா அதை நோட்டில் எழுதி வைத்திருந்தார். லோரி முனியாண்டி, மேட்டு லயத்து முனியாண்டி, சமையல் முனியாண்டி என்று முனியாண்டி மட்டுமே ஆறு பேர். பட்டப்பெயரெல்லாம் படித்தவன் பட்டியலுக்கு அழகில்லை என்று (அப்போது எனக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்தது) பெயரை மட்டும் தட்டினேன். என் புரோகிராம் பெயர்களை வரிசைப்படுத்தி, இரண்டாம் முறை வந்த பெயர்களை நீக்கியது. பட்டியல் பாதியாக இளைத்தது. வகுப்பே கைதட்டியது.

அச்சடித்த தாளைப் பார்த்துக் கார்டு எழுதி நானே லயம் லயமாக, தொழிலாளர் வரிசை வீடுகளில் நடந்து கொடுத்தேன். பிள்ளை படித்தவன் என்ற பெருமையில் அப்பா சரிபார்க்கவில்லை. முனியாண்டிக்கான ஒரே கார்டு, வழியில் முதலில் எதிர்ப்பட்ட லோரிக்காரருக்குப் போனது. மற்ற ஐவரையும் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்தேன். (தாளில் இல்லையே, நான் என்ன செய்ய?)

கல்யாணத்துக்கு முதல் நாள் காய் நறுக்க ஆளே வரவில்லை. கார்டு வைக்காத வீட்டில் எங்கள் ஆட்கள் கால் வைக்க மாட்டார்கள், சமைக்க ஒப்புக்கொண்டவரே ஆனாலும். பந்தலில் காய் மூட்டைகளுக்கு நடுவே அக்கா அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சோறு இல்லை என்பது எனக்கே புரிந்துவிட்டது.

அப்பா திட்டவில்லை. வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்து முன்னால் நடக்கவிட்டார். விடுபட்ட வீடுகளில் எல்லாம் மன்னிப்புக் கேட்டு, கடைசியாகச் சமையல் முனியாண்டி மாமா வீட்டுக்குப் போனோம். நான் அவருக்குப் புரோகிராமை விளக்கத் தொடங்கினேன்.

“அத கொற சொல்லாத லா, தம்பி. எங்க ஆறு பேரையும் ஒனக்குத் தெரியும்ல?”

தெரியும் என்றேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

மாமா தட்டை வாங்கிக்கொண்டார். பந்தலுக்கு வந்ததும் வெங்காய மூட்டையை என் முன் தள்ளினார்.

“உரி. எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு ஒன்ன மட்டும் வச்சிக்கிட்டு மத்தத வீசிராத.”

பந்தி ஒரு குறையுமில்லாமல் நடந்தது. அழுதபடி உரித்தவன் நான் மட்டும்தான்.

அந்தப் பாடத்தில் எனக்குத்தான் அதிக மதிப்பெண். ஆனால் இன்றும் அக்கா வீட்டில் இரண்டாவது தோசை கேட்டால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள்: “ஒன்னுதான் ஏற்கெனவே வந்துருச்சேடா.”