சம்பந்தி வீட்டுத் தொலைபேசிக்கு நேர்ந்த கதி

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைப் பெற்றவன் கைகட்டி நின்று எழுதுவதாக நினைத்துக்கொள்ளவும். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. மகள் சுகம். மனைவி என்னோடு பேசாமல் சுகம். நான் சுகமில்லை. நாலாயிரம் பழைய தொலைபேசிகளை வாங்கி விற்றவனுக்கு, தங்கள் எண்ணைச் சுழற்ற விரல் எழவில்லை. தாங்கள் "ஹலோ" சொல்லும் குரல் அப்படி. அதனால்தான் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் நல்லது.

கல்யாணம் பேசி முடித்த அன்று தங்கள் கூடத்தில், கண்ணாடி அலமாரிக்குள் அந்தத் தந்த நிறத் தொலைபேசியைப் பார்த்தேன். அதை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தாங்கள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "எங்கப்பா பேசின போன் இது. இந்த மஞ்சள் இருக்கே, அவர் புகைச்ச சுருட்டுப் புகை. இந்தக் கீறல் இருக்கே, நான் பாஸ் பண்ணின சேதி வந்தப்போ சந்தோஷத்துல மோதிரக் கையால ஓங்கித் தட்டினார். அந்தத் தழும்பு." கூடத்தில் இருந்த ஆறு பேருக்கும் கண் கலங்கியது. எனக்கும்தான். அதோடு வாயை மூடிக்கொண்டு டிபனைச் சாப்பிட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. "குடுங்க சம்பந்தி, புத்தம்புதுசா ஆக்கித் தர்றேன், நம்ம தொழிலே இதுதானே" என்று நான் எழுந்தேன். "வேண்டாம், வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்" என்று தாங்கள் மூன்று தடவை சொன்னீர்கள். முகம்கூட வெளிறிப்போனது. உபசாரத்துக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, பிடுங்காத குறையாக வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். வாசல்வரை வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தாங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: "அடியில ஒட்டியிருக்கிற காகிதத்தை மட்டும் தொட்டுடாதீங்க. அது அப்பா கையால ஒட்டினது." என் மகள் மேல் ஆணையாக அந்தக் காகிதத்தை இந்த நிமிஷம்வரை தொடவில்லை. அடித்தட்டைக் கழற்றித் தனியே துணியில் சுற்றி வைத்துவிட்டேன். மற்றதைத்தான் தொட்டேன். தொட்டது போதாதா?

நான் சாக்குப்பையோடு தெருத்தெருவாகப் பழைய சாமான் வாங்கி முன்னுக்கு வந்தவன். பொருளைத் தட்டிப் பார்த்தே என்ன சரக்கு என்று சொல்லிவிடுவேன். கறுப்பு போன் என்றால் கல் மாதிரி கெட்டிச் சரக்கு. ஊறவைக்கக் கூடாது, மெழுகு போட்டுத் துடைத்தால் போதும். தந்த நிறம் பிளாஸ்டிக். சூடு ஆகாது, காரமான திரவம் ஆகவே ஆகாது. முதலில் திருகுகளைக் கழற்றி, மேல்மூடியைத் தனியாக எடுத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தேன். புகைக்கறை என்றால் அதிலேயே பழுப்பாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. பார்த்தால் மஞ்சள் ஒரு பக்கம் மட்டும்தான். இப்படி ஒரு பக்கம் பழுப்பது வெயில் பட்டால்தான். என் கடையிலும் ஜன்னலோரம் கிடக்கிற சரக்கு இப்படித்தான் பழுக்கும். பெரியவர் எப்போதும் ஒரே பக்கம் பார்த்துப் புகை விட்டிருப்பார் என்று மரியாதையாக நினைத்துக்கொண்டேன்.

அந்த மஞ்சளுக்கு எங்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. சலூனில் முடியை வெளுக்கப் பூசுகிற கிரீமை மேல்மூடி முழுக்கத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். கிரீம் காயவே கூடாது; காய்ந்தால் காய்ந்த இடம் வரிவரியாகத் திட்டு விழும். இதெல்லாம் தெரிந்தவன்தான் மொட்டை மாடியில் குந்தியிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர் மாதிரியைக் கொண்டுவந்தார். அதில் தங்கள் பெயர் என் பெயரைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது. பயந்துபோய் அவரோடு மல்லுக்கு நின்று, தங்கள் பெயரை இரண்டு பங்கு பெரிதாக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி மேலே ஏறும்போது இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. தாளைப் பிரித்தேன். சம்பந்தி, வரிக்குதிரை பார்த்திருக்கிறீர்களா?

திட்டை மறைக்க இன்னொரு பூச்சுப் பூசினேன். வரிக்கு நடுவே வரி விழுந்தது. சமப்படுத்தலாம் என்று நைஸான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பூனையைத் தடவுகிற மாதிரி தடவினேன். நன்றாகத்தான் வந்தது. மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "அப்பா, அந்தத் தாத்தாவோட மோதிரக் கீறல் எங்கப்பா?" என்றாள். தேடினேன். கண்ணாடி போட்டுத் தேடினேன். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். பெரியவரின் சந்தோஷம் மொத்தமும் உப்புத்தாளில் வெள்ளைப் பொடியாக ஒட்டியிருந்தது. அந்தப் பொடியைக்கூடக் கொட்ட மனசு வராமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். தாங்கள் கேட்டால் தருகிறேன்.

அன்றைக்கு ஆரம்பித்த பயம் இன்னும் விடவில்லை. கடையில் மணி அடித்தாலே தாங்கள்தான் என்று மேசைக்கு அடியில் பார்வை போகிறது. என் கடையில் இருப்பதெல்லாம் மணி அடிக்கிற சாமான். நான் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல் மனைவி, ஓரத்தில் இருந்த ஒரு மைக்கறையை எடுத்தால் கொஞ்சம் எடுப்பாக இருக்குமே என்று, நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டு வைத்துவிட்டாள். "ஒரே ஒரு சொட்டுதாங்க வெச்சேன்!" ஒரு சொட்டில் பிளாஸ்டிக் வெண்ணெயாக இளகி, அவள் கட்டைவிரல் ரேகை பத்திரத்தில் வைத்தது மாதிரி அச்சாகப் பதிந்துவிட்டது. நான் கத்தினேன். "உங்களை யாரு சம்பந்தி வீட்டு அலமாரியில கை வைக்கச் சொன்னது? பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனீங்களா, கடைக்குச் சரக்குப் பிடிக்கப் போனீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. கேள்வி நியாயமானது.

இதற்கு மேல் யார் கையும் படக் கூடாது என்று அவசரமாக மேல்மூடியைக் காற்றுக் குமிழி உறையில் இறுக்கச் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். "பிளாஸ்டிக் சரக்கைக் குமிழி உறையில் சுற்றாதே, தடம் விழும்" என்று என் கடைச் சுவரில் சிவப்பு மையில் எழுதிப் போட்டிருக்கிறது. எழுதியவன் நான். எட்டு நாள் கழித்துப் பிரித்தால் உடம்பெல்லாம் வட்ட வட்டமாக, அம்மை வார்த்த மாதிரி. வரி, ரேகை, அம்மை, மூன்றும் ஒரே உடம்பில்.

மறைக்காமல் சொல்கிறேன், வியாபாரி புத்தி என்னைச் சும்மா விடவில்லை. கிடங்கில் அச்சு அசல் அதே தந்த நிறத்தில் மூன்று கிடக்கின்றன. ஒன்றின் மூடியை எடுத்து மாட்டிக் கொடுத்தால் முடிந்தது. எடுத்தும்விட்டேன். மகள் வந்து என் கையைப் பிடித்தாள். "நீங்க மாட்டிட்டுப் போயிடுவீங்கப்பா. நான்ல அந்த வீட்ல இருக்கணும்? வர்றவங்களுக்கெல்லாம் மாமா அதை மடியில வெச்சுக்கிட்டு அப்பா கதை சொல்லுவாரு, நான் பக்கத்துல நின்னு தலையாட்டணுமா? அதுக்குக் கல்யாணமே வேண்டாம்." அவளுக்கு மாப்பிள்ளையை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். போன் வந்தால் மொட்டை மாடிக்கு ஓடுகிறவள். அந்தப் பெண்ணே அப்படிச் சொன்ன பிறகு மூடியைத் திரும்ப வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தொலைபேசியை வாங்கிப் போக வருவதாகத் தகவல். வாருங்கள். என்னைத் திட்டுங்கள், நாலு பேர் முன்னால் திட்டுங்கள், பந்தியில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றும் சொல்லுங்கள். கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கை என்னுடையது, புத்தி என்னுடையது. குழந்தை காபி கொண்டுவந்து வைத்ததைத் தவிர எதுவும் செய்யவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், அதை வாங்கிக்கொள்ளும் உறவு இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையில்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
பெண்ணின் தகப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை எடுக்கப் போன இடத்தில் ஒரு காரியம் நடந்துவிட்டது. மனைவி மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, துணியில் சுற்றி வைத்திருந்த அடித்தட்டைப் பிரித்து அந்த ஈரத்திலேயே வைத்துவிட்டாள். எடுத்தபோது காகிதம் தானாகவே உரிந்து மேசையோடு தங்கிவிட்டது. ஆணை தப்பவில்லை, நான் தொடவில்லை. தங்கள் தந்தையார் கையால் ஒட்டிய அந்தக் காகிதம், மனைவி திருப்பிக் காட்டியபோது பார்த்தால், மூன்று வருஷத்துக்கு முந்திய காலண்டர் தாள். அவர் காலமாகி இருபது வருஷம் என்று தாங்கள் சொன்னதாக ஞாபகம். அதற்கு அடியில் ஒரு சீட்டு. என் கடைச் சீட்டு. என் கையெழுத்தில்: "மூடியில் ஸ்குரூடிரைவர் கீறல். ஒரு பக்கம் மஞ்சள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது." இரண்டு வருஷம் ஜன்னலோரம் விலைபோகாமல் கிடந்த சரக்கு, இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. அந்தக் கீறலைப் போட்ட மோதிரக் கை என்னுடையது.

மேலே எழுதிய நாலு பக்கத்தையும் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். ஆனால் பதினோரு நாள் பட்ட பயம் வீணாக வேண்டாம், படித்துவிடுங்கள். இந்த வீட்டு வாசலைத் தாண்டி விஷயம் போகாது. இத்தனை நாளுக்குப் பிறகு என் மனைவி என்னோடு பேசினாள்; பேசினாள் என்ன, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். மகள், தலையாட்டுவதற்கு இப்போது முழுச் சம்மதம் என்கிறாள். கிடங்கில் இருக்கும் மூன்றில் நல்லதாக ஒன்றை எடுத்து வைக்கிறேன். ஞாயிறன்று பயப்படாமல் வாருங்கள். பெரியவரின் கீறல் எந்தப் பக்கம் இருந்தது என்பதை மட்டும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஸ்குரூடிரைவர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.