எட்டாவது கட்டம்

"எதிலை கூடுதலாச் செலவழிக்கிறனீங்கள் சேர்?" என்று வங்கிப் பிள்ளை மதுரா கேட்டதும் தில்லைநாதன் திக்குமுக்காடிப் போனார்.

கேள்வியில் பிழையில்லை. பக்கத்தில் மனைவி இருந்ததுதான் பிழை.

நெல்லியடிக் கிளையில் புதிதாக ஒரு கடனட்டை வந்திருந்தது. வருடக் கட்டணம் ஒரு சதமும் கிடையாது. எட்டு வகைச் செலவுகளில் விரும்பிய இரண்டை நீங்களே தெரிவு செய்யலாம். அந்த இரண்டிலும் செலவழித்தால் நூற்றுக்கு ஐந்து ரூபாய் திரும்பி வரும். மற்ற ஆறுக்கும் வெறும் ஐம்பது சதம். ஆகவே எதில் அதிகம் போகிறதோ அதைத் தெரிவு செய்கிறவன் கெட்டிக்காரன்.

பலசரக்கு, பெற்றோல், மருந்து, உடுப்பு, மின்சாரமும் தொலைபேசியும், புத்தகம், பிரயாணம். எட்டாவது, 'சாப்பாட்டுக்கடை மற்றும் குளிர்களி,' அதாவது ஐஸ்கிறீம். தில்லைநாதனின் கண் எட்டாவது கட்டத்தில் போய் விழுந்து அங்கேயே கிடந்தது.

அவர் கொடிகாமத்தில் பிரதேச சபை உப அலுவலகத்தில் எழுதுவினைஞர். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குச் சீனி வருத்தம் என்று வைத்தியர் சொன்ன அன்றே, மனைவி சுபாஜினி ரீச்சர் வீட்டிலிருந்த சீனிப் போத்தலைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டா. "உங்களுக்கு இல்லாத சீனி எனக்கும் வேண்டாம்" என்று அன்றிலிருந்து தானும் வெறும் தேத்தண்ணிதான். பனங்கட்டி கடிக்காமல் தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்காத மனுசி அவ.

தில்லைநாதனோ திங்களும் வியாழனும் வேலை முடிந்து, கொடிகாமத்துக் குளிர்களிக் கடையின் மூலை மேசையில், சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு 'ஸ்பெஷல்' அடிப்பார். மேலே முந்திரிகை வற்றல், கீழே ஜெலி. வீட்டுக்கு வந்ததும் மனைவி முகத்தைச் சுளிக்காமல் கசப்புத் தேத்தண்ணி குடிப்பதைப் பார்க்க நெஞ்சு எரியும். அந்த எரிவு தாங்காமல் அடுத்த முறை இரண்டு கரண்டி கூடப் போடச் சொல்லுவார்.

"யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்றார் இப்போது.

"ஓம் சேர். இதிலை ரெண்டு படிவம் இருக்கு. ரீச்சருக்குத் துணை அட்டை. ரெண்டு பேரும் தனித்தனியா நிரப்பவேணும். ஆனால் ரெண்டிலையும் ஒரே வகையள் இருக்கவேணும். இல்லாட்டிக் கொம்பியூட்டர் எடுக்காது."

அடையாள அட்டைக்குப் பிரதி எடுக்க அவர் தெருவுக்குப் போய் வந்தார். அதற்குள் சுபாஜினி தன் படிவத்தை நிரப்பி மடித்தே கொடுத்துவிட்டா. மதுரா அவவிடம் படித்த பிள்ளை. இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"என்னப்பா, யோசிக்காமலே போட்டிட்டீர்?" என்றார் அவர்.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு? என்ரை செலவு எனக்குத் தெரியாதே?"

அவசரக்காரி என்று நினைத்துக்கொண்டு தன் படிவத்தைச் சட்டைப் பையில் வைத்தார். அரச உத்தியோகத்தர் ஒருவர் ஆதாரம் இல்லாமல் ஒரு கட்டத்தில் புள்ளடி போடமாட்டார்.

வீட்டில் ஒரு வெறும் பிஸ்கற் ரின்னை மேசையில் வைத்தார். "இஞ்சேரும், ஒரு மாதத்துக்கு என்ன வாங்கினாலும் பில் துண்டை இதுக்குள்ளை போடும். துண்டு தராத இடமெண்டால் எழுதிப் போடும். மாத முடிவிலை பாத்துத் தெரிவு செய்வம்."

"ஒரு கார்ட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியோ?"

"வருசக் கட்டணம் இல்லையெண்டு சொல்லித் தாறவன் வேறை எங்கையாவது பிடுங்குவான். நாங்கள் கவனமா இருக்கவேணும்."

அவர் எடுத்த மாதம்தான் பிழைத்தது. அது கோயில் திருவிழா மாதம். கொடி ஏறியதிலிருந்து வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. மீன்காரன் ஹோர்னை அடித்து அடித்துக் களைத்துப் படலையைத் தாண்டிப் போனான். ரின்னுக்குள் கற்பூரமும் கதலிப்பழமும் தயிரும்தான் விழுந்தன. கற்பூரத்துக்கு எந்த வங்கியும் ஐந்து வீதம் தராது.

ஆனால் குளிர்களி மச்சம் இல்லையே. திருவிழாக் காலத்தில் கோயில் வீதி முழுக்கக் குளிர்களி வண்டிகள். மீன் இல்லாத சோகத்தில் தில்லைநாதன் செவ்வாயையும் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாம் கிழமை ரின்னைக் கொட்டிப் பார்த்தபோது அவருக்கு வியர்த்தது. சம்பளத்தில் போன காசுக்கும் துண்டுகளுக்கும் நடுவில் ஒரு நல்ல ஓட்டை. ரீச்சர் கணிதம் படிப்பிக்கிறவ. ஓட்டையைக் கண்டால் விடமாட்டா. பேனையை எடுத்து நாலைந்து துண்டில் 'பெற்றோல்' என்று எழுதிப் போட்டார்.

அவவின் துண்டுகளையும் ஒரு பார்வை பார்த்தார். 'வகுப்புக்குச் சாட் பேப்பர், பசை' என்று கிழமைக்கு இரண்டு துண்டு அழகான எழுத்தில் கிடந்தது. பிள்ளைகளுக்காகக் கைக்காசைச் செலவழிக்கிறாளே என்று அவருக்கு மனம் இளகிப் போனது.

அடுத்த நாள் காலை சுபாஜினி ரின்னும் கையுமாக வந்தா.

"என்னப்பா இது, கொடிகாமம் போய்வர இவ்வளவு பெற்றோலோ? உந்த மோட்டச்சைக்கிள் குடிக்குதோ, தெருவிலை ஊத்துதோ?"

"அது பழசெல்லே."

"பழசெண்டால் காட்டவேணும். தெருவிலை நெருப்புப் பிடிச்சால் என்ன செய்யிறது?"

அன்று பின்னேரமே மெக்கானிக் தம்பிராசா வந்து எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பினான். இரண்டு நாள் ஆராய்ந்தான்.

"அக்கா, எல்லாம் வடிவா இருக்கு" என்றான் கவலையோடு. "அதுதான் எனக்கு யோசனையாக் கிடக்கு. விட்டிட்டுப் போங்கோ, இன்னும் ஒருக்கால் கழட்டிப் பாப்பம்."

மோட்டச்சைக்கிள் சாக்கில் கிடக்க, தில்லைநாதன் பஸ்ஸில் போனார். பஸ்ஸில் போகிறவர் பெற்றோல் என்று எழுத ஏலாது. ஆனால் திங்கள் வந்தது, வியாழனும் வந்தது. இந்த முறை 'மருந்து' என்று எழுதிப் போட்டார். சீனி வருத்தக்காரன் மருந்து வாங்கினால் யார் கேட்கப் போகிறார்கள்?

சுபாஜினி கேட்டா. கேட்டபோது அவவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"மருந்தைக் கூட்டியிருக்கினமோ? எனக்கேன் சொல்லேல்லை?"

"சும்மா விற்றமின் குளிசையப்பா."

"என்னட்டை ஒளிக்காதேங்கோ. நாளைக்கு வெறுவயித்தோடை ரத்தம் குடுக்கிறம்."

ரத்தம் பொய் சொல்லவில்லை. திருவிழாக் குளிர்களி முழுவதும் அந்தக் கடதாசியில் இலக்கமாக வந்து நின்றது. வைத்தியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்பிடியே போனால் அடுத்த மாதம் இன்சுலின் ஊசிதான். பிறகு காலுக்குத்தான் ஆபத்து" என்றார்.

வீட்டுக்கு வந்து சுபாஜினி குசினிக்குள் நின்று அழுதா. தில்லைநாதன் வாசலில் நின்று கேட்டார்.

"நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன். பிட்டுக்குத் தேங்காய்ப்பூ கூடப் போட்டிட்டனோ? மூண்டு வருசமா ஒரு கரண்டி சீனி வீட்டுக்குள்ளை வரேல்லை. எனக்கு விளங்கேல்லையப்பா, எனக்கு விளங்கவே இல்லை."

அன்று முதல் தேங்காய்ப்பூ பாதியானது. பாவற்காய்ச் சாறு வந்தது. அவருக்கு ஒரு கிளாஸ், தனக்கும் ஒரு கிளாஸ். கண்ணை மூடிக்கொண்டு அவ அதைக் குடிப்பதை அவர் பார்த்தார்.

வெட்கமாக இருந்தது. ஒரு மனுசனிடம் எதில் அதிகம் செலவழிக்கிறாய் என்று கேட்பது, நீ எப்படிப்பட்ட ஆள் என்று கேட்கிற மாதிரித்தான். மதுரா கேட்ட கேள்விக்கு அவரிடம் முதல் நாளே விடை இருந்தது. அதை ஒளிக்க மோட்டச்சைக்கிளைச் சாக்கில் போட்டார், இல்லாத மருந்தை வாங்கினார், கடைசியில் கட்டியவளை அழவும் வைத்துவிட்டார். ஊசியைவிட, தன்னிலேயே பிழை தேடுகிற அந்த மனுசியின் முகம்தான் அவரைக் கொன்றது. அந்த வியாழன் அவர் கடைப் பக்கம் தலை திருப்பவில்லை.

மாத முடிவில் இருவரும் வங்கிக்குப் போனார்கள். மதுரா புன்னகையோடு பேனையை நீட்டினாள்.

"என்ன சேர், ஆராய்ச்சி முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது பிள்ளை."

பலசரக்குக் கட்டத்தில் முதல் புள்ளடியைப் போட்டார். பிறகு எட்டாவது கட்டத்தில் இரண்டாவதைப் போட்டார். சுபாஜினி எட்டிப் பார்த்தா.

"என்னப்பா, மாறிப் போட்டிட்டீங்கள். அது குளிர்களி."

"மாறிப் போடேல்லை, சுபா." அவர் பேனையை மேசையில் வைத்தார். "மூண்டு வருசமா உம்மை ஏமாத்திப் போட்டன். திங்களும் வியாழனும் கொடிகாமத்திலை ஐஸ்கிறீம் குடிக்கிறனான். பெற்றோலும் பொய், மருந்தும் பொய். நீர் எனக்காகச் சீனியை விட்டீர், நான் உமக்குத் துரோகம் செய்து போட்டன். இந்தப் புள்ளடி கார்ட்டுக்காகப் போடேல்லை. உம்மட்டை உண்மை சொல்லத்தான் போட்டனான். இனித் தொடமாட்டன், சத்தியமா."

வரிசையில் நின்றவர்கள் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்கள். சுபாஜினி குனிந்திருந்தா. கண் கலங்கியிருந்தது, காது சிவந்திருந்தது. பிறகு அவரின் கையை மெல்லத் தட்டினா.

"சரி விடுங்கோ. மனிசர்தானே. பிழை விடாதவை ஆர் இருக்கினம்?"

மூன்று வருடம் ஏமாற்றியவனுக்கு ஒரு கடுஞ்சொல் கூட இல்லை. தில்லைநாதன் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மதுரா," என்றா சுபாஜினி அவசரமாக, "எனக்குப் புதுப் படிவம் ஒண்டு தாரும் பிள்ளை. அந்தப் பழையதைப் பாக்கத் தேவையில்லை, அப்பிடியே கிழிச்சுப் போடும்."

அவருக்காகத் தன் விருப்பத்தையும் மாற்றி எழுதப் போகிறா. இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று தில்லைநாதன் உருகி நின்றார்.

மதுரா அதற்குள் கோப்பைத் திறந்து, மடித்திருந்த படிவத்தை விரித்துப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"ஏன் ரீச்சர் கிழிக்கவேணும்? ரெண்டும் அப்பிடியே ஒத்துப்போகுது. செவ்வாயும் வெள்ளியும் பள்ளிக்கூடம் விட்டு ஐஸ்கிறீம் குடிக்கப் போறனான் எண்டு சொல்லி, நீங்களும் அண்டைக்கு எட்டாவதுக்குத்தானே புள்ளடி போட்டனீங்கள்!"