பத்தொன்பது அங்குலச் சுவர்

"ஒங்க வீட்டுக் கருவாடு எங்க தலகாணி வரைக்கும் மணக்குது, மதினி."

"ஒங்க வீட்டுக் கொறட்டை எங்க தகரத்தையே ஆட்டுது. அத நான் யாருகிட்ட போயி..."

"கொறட்டை விட எங்க வீட்ல ஆம்பளயா இருக்கான்?"

"ஆம்பள எதுக்கு. நீங்க ஒருத்தர் போதும்."

சுமன் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தான். அம்மா லெட்சுமி அடுப்படியில் கருவாட்டைப் புரட்டியபடி சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் காளியாயி.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் கிடையாது. அதற்கு மேலே தகரக் கூரை வரைக்கும் வெறும் வெளி. அந்த வெளி வழியாகப் புகை போகும், சண்டை போகும், இருமல் போகும். இரண்டு பேரும் புருஷனை இழந்தவர்கள், வேலையிலிருந்து நின்றவர்கள். முகம் பார்க்காமலே இருபத்திரண்டு வருஷம் பேசியிருந்தார்கள், அதில் பாதி சண்டை.

அந்த 2004ஆம் வருஷத்தில்தான் திம்புள்ளப் பக்கத்து அந்தத் தோட்டத்துக்குப் புது வீட்டுத் திட்டம் வந்தது. ஒரு கட்டடத்தில் இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர். லயத்தில் யார் பக்கத்தில் யாரோ, புது வீட்டிலும் அப்படியே. கட்டடத்தின் வெளி அளவு மாறக் கூடாது. உள்ளே எதை மாற்றுவதானாலும் இரண்டு வீட்டாரும் ஒரே பிளானில் கையெழுத்து வைக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் வைக்காவிட்டால் வீடு பட்டியலில் அடுத்தவர்களுக்குப் போய்விடும்.

சுமன் ஹட்டனில், துணிக்கடைக்கு மேல்மாடியில், கனகலிங்கத்தாரின் பிளான் வரையும் அலுவலகத்தில் வேலை பார்த்தான். திட்டத்து வரைபடங்கள் அங்கேதான் தயாராயின. அம்மாவின் வீட்டைத் தானே வரையக் கிடைத்ததில் அவனுக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. அம்மாவை லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. கொழும்பில் ஆறு மாதம் படித்து வந்த மென்பொருள் கையில் இருந்தது. அதில் சுவர் என்பது கோடு இல்லை, அடுக்கு. நடுவில் கல், இரு புறமும் பூச்சு, பூச்சின் மேல் நிறம். அடுக்குக்கு அடுக்கு பருமன் சொன்னால் போதும், கணினி கட்டிக் காட்டிவிடும்.

அம்மா தன் பக்கத்துக்குப் பச்சை கேட்டாள். காளியாயி ரோஸ் கேட்டாள். இதற்கென்ன என்று சுமன் ஆளுக்கொரு நிறம் கொடுத்து அச்சடித்துக் கொண்டுவந்தான். கணினியில் சுவரை இழுக்கும் திசை மாறினால் பக்கங்களும் மாறிவிடும், அதை அவன் கவனிக்கவில்லை. உள் வெளியாகி, வெளி உள்ளாகி, அம்மாவின் பக்கம் ரோஸ் வந்திருந்தது. காளியாயி சொல்லித்தான் பெற்ற பிள்ளையே இப்படிச் செய்தான் என்று அம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நிறத்தை மாற்றிக் கொண்டுவந்தபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சத்தம் வருமா?"

கொஞ்சம் வரும் என்றான் சுமன். அப்படியானால் கையெழுத்து இல்லை என்றாள். அதையே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காளியாயியும் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அவன் கல்லைத் தடிப்பாக்கினான். சுவர் காளியாயி பக்கமாகவே பருத்துவிட்டது. அவள் படத்தின் மேல் விரலை வைத்து அளந்து பார்த்தாள்.

"மருமகனே, கொம்பியூட்டர வச்சுக்கிட்டு அத்தை வீட்ட நாலு இஞ்சு கடிச்சுட்டீங்களே."

சுவரை நடுவுக்கு நகர்த்தினான். இப்போது இருவருக்கும் இடம் குறைந்தது. இருவரும் மற்றவளைத்தான் திட்டினார்கள். கல்லைப் பிரித்து இரண்டு சுவராக்கி நடுவில் காற்று விட்டான். அந்த இடைவெளியில் எலி குடியேறும் என்றாள் காளியாயி. அதில் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையை அடைத்தான். குளிருக்குச் சுவர் வேர்க்கும் என்றாள் அம்மா. இரு புறமும் பலகை அடித்தான். மேலதிகக் கல்லுக்கும் பலகைக்கும் ஆகும் செலவை இரண்டு வீட்டுப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

கனகலிங்கத்தார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"தம்பி, பத்தொன்பது அங்குலம். நீர் கீறினது வீடோ, சிறைச்சாலையோ?"

"ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கணும், சேர்."

"வைப்பினம். பிறகு அவையள் எப்பிடிக் கதைக்கிறது?"

கதைக்காமல் இருக்கத்தான் இந்தச் சுவர் என்றான் சுமன். அவர் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

சுவர் பருத்ததில் முன்கதவைத் திறந்தால் கட்டிலில் இடித்தது. அவன் கதவுகளை இரண்டு ஓரங்களுக்கும் கொண்டுபோனான். ஒரு வீட்டு வாசல் கோயிலைப் பார்த்தது, மற்றது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைப் பார்த்தது. சமையலறை ஜன்னலுக்கு இடம் இல்லாமல் போனது. அதையும் பக்கவாட்டுக்குத் திருப்பினான். ஒவ்வொரு மாற்றமும் வேறொன்றைத் தள்ளியது, அவனும் விடாமல் துரத்திப் போய்ச் சரிசெய்தான்.

மாதக் கடைசிக்கு முந்திய நாள் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். காளியாயி பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இனிமே நிம்மதி" என்றாள். அம்மா, "ஆமா, நிம்மதி" என்றாள். இருவருமே அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் அதைக் கவனித்தான். ஆனால் அப்போது அவன் கண்ணெல்லாம் படத்தின் மேல் இருந்தது. சுவரை நடுவே வெட்டிக் காட்டும் படம். கோடு கோடாக, அடுக்கு அடுக்காக, அத்தனை அழகு.

கொத்தனார் மூக்கன் ஒரு வரி பிசகாமல் கட்டி முடித்தார். தைப்பூசத்துக்கு முன் குடிபோனார்கள்.

முதல் வாரம் அம்மா வீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது வாரம் வானொலியைச் சத்தமாக வைக்கத் தொடங்கினாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டு, கறி தாளிக்கும்போது நடுவில் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கருவாடுதான் வறுக்கிறேன்."

மணக்குது என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரவில்லை.

மாசியில் அம்மாவுக்கு நான்கு நாள் காய்ச்சல். லயத்தில் என்றால் இரண்டாவது இருமலுக்கே சுவருக்கு மேலே கொத்தமல்லித் தண்ணீர் வந்திருக்கும். காளியாயி வருவாள் என்று அம்மா காத்திருந்தாள். ஆள் விட்டுச் சொல்ல மறுத்துவிட்டாள். தெரியாமலா இருக்கும் என்றாள். ஐந்தாம் நாள் கடையில் யாரோ சொல்லித்தான் காளியாயிக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கடையில் வைத்தே அழுதாளாம். அந்த அழுகை அம்மாவின் காதுக்கு வந்தபோது, ஊருக்கு முன்னால் தன்னைக் குறை சொன்னதாக வந்தது.

அதற்குப் பின் சண்டைகூட இல்லை. சண்டை பிடிக்க ஒருத்தி வீட்டைச் சுற்றிக்கொண்டு மற்றவள் வாசலுக்குப் போக வேண்டும். யார் முதலில் போவது?

சித்திரை பிறந்ததும் காளியாயி வீட்டைப் பூட்டிவிட்டு வட்டவளையில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிய சத்தம் இந்த வீட்டில் கேட்கவில்லை. மறுநாள் சுமன் கடையில் கேட்டு வந்து சொன்னபோது அம்மா, "சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அன்று உலையில் அரிசி போட மறந்துபோனாள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் சுமன் அந்தக் கோப்பைத் திறந்தான். பலகையை அழித்தான். ரெஜிபோமை அழித்தான். ஒரு வரிசைக் கல்லை அழித்தான். திரையில் சுவர் மெலிந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் அசைவு போதுமாக இருந்தது. அம்மா கேட்டது சுவரை. அவன் கொடுத்ததும் சுவரைத்தான். பிழை எந்த அடுக்கில் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த கட்டடத்துப் படத்தை வாங்க மூக்கன் படியேறி வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"இது நம்ம அம்மா வீட்டுச் சுவருதானே, தம்பி?"

ஆமாம் என்று சுமன் தலையசைத்தான். கேட்டபடியே கட்டிக் கொடுத்தும் இருவருக்கும் மனம் ஒப்பவில்லை என்றான்.

மூக்கன் இன்னும் கிட்ட வந்து குனிந்தார். பிறகு திரையில், இரண்டு அடுப்படிக்கும் நடுவே சுவரில், ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"கட்டுறப்ப ரெண்டு பேருமே தனித்தனியா வந்தாங்க தம்பி, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர், இந்த எடத்துல மட்டும் ஒரு கல்ல வைக்காம விட்டுருங்கன்னு கெஞ்சுனாங்க, பிளான்ல இல்லையேன்னு நான்தான் அடச்சுட்டேன்."