ராஸ்கோ நசுக்கிய ஒரு சென்ட்

ஒஹையோ
நவம்பர் 9

அன்புள்ள மச்சான் ராஸ்கோவுக்கு டெல்பர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா வில்மாவும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். நான் திட்டப்போவதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டாமா?

பதினோரு வருடமாக வங்கியில் காகிதத்தில் சுருட்டிய சென்ட் காசு உருளைகளை வாங்கிவந்து, ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கண் பூத்துப்போனவன் நான். போன மாதம்தான் ஒன்று சிக்கியது. 1972ஆம் வருடத்துக் காசு, எண்ணும் எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அச்சிலேயே இரட்டையாக விழுந்த பிழை, லேசில் கிடைக்காது. கறுப்புத் துணி விரித்து மேசை விளக்கடியில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தாய், இறைச்சி ரொட்டியில் மூன்று துண்டு தின்றாய், அத்தோடு போயிருக்கலாம்ல? அந்தக் காசை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு புதுக் காசை வைத்துவிட்டு, நேரே மிருகக்காட்சிசாலைக்குப் போய், காசை நசுக்கிக் கரடிப் படம் போட்டுத் தருமே அந்த மெஷினுக்குள்ள போட்டுச் சுத்தியிருக்க. ஏன்டான்னு கேட்டா, "பழைய காசு செம்பு அத்தான், படம் பளபளன்னு விழும். புதுசுல துத்தநாகம் வெளுத்துக் காட்டும்"ங்கற. "உங்களுக்குத்தான் காசுன்னா உசிராச்சே, அதான் பரிசாக் கொண்டாந்தேன்"னு ரிப்பன் கட்டி வேற நீட்டுற. லிங்கன் மூஞ்சி இருந்த இடத்துல கரடி. குரங்கு கையில சிக்குன பூமாலைகூட இதவிட நல்லாருக்கும். உன் அக்கா என்னடான்னா, "ஆசையாக் குடுத்திருக்கான், ஒரு நன்றி சொல்லுங்களேன்"ங்கறா. எனக்கு வயிறு எரியுது. நன்றி நாள் விருந்துக்கு நீ என் வாசப்படி மிதிக்கக் கூடாது. வான்கோழியில உன் பங்க நாய்க்குப் போட்டாலும் போடுவேன்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும், அது முடிவதற்குள் கொஞ்சம் புத்தியையும் கொடுக்கட்டும். உன் மனைவி ஆர்லீனுக்கு என் அன்பு. உன்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

இப்படிக்கு,
டெல்பர்ட்

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் நாணயச் சங்கத்திலிருந்து பதில் வந்தது. நான் முன்பே அனுப்பியிருந்த அந்த 1972 காசின் போட்டோவைப் பார்த்தார்களாம். அது அச்சுப் பிழையே இல்லையாம். நாணயச்சாலையில் காசு அடிக்கும்போது மெஷின் ஆடிய ஆட்டமாம், ஒரு சென்ட்தான் பெறுமாம். மனசு விட்டுப்போய், உன் கரடியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ராஸ்கோ, கரடிக்கு நாலு காது. மூக்கு ரெண்டு. அந்தக் கரடி மெஷின் அச்சுல படத்த ரெண்டு தடவ வெட்டியிருக்கான், இதுதான்டா நிஜமான அச்சுப் பிழை. யார்கிட்டயும் மூச்சு விடாத. மிருகக்காட்சிசாலைக்காரங்க பார்த்து அச்ச மாத்தறதுக்குள்ள, வீட்ல இருக்கிற பழைய செம்புக் காசையெல்லாம் வாரிக்கிட்டு சனிக்கிழமை காலைல வந்துடு. கேட் திறக்கும்போது முதல் ஆளா நாம நிக்கணும், மச்சான்.